கவுனி தாண்டும் குடைகள்: ஒரு தலைநகரத்தின் வரலாறு எந்த வாசலில் எழுதப்படுகிறது?

புரட்டாசி வந்தால் பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதிக்குக் குடைகள் புறப்படும். வெள்ளைப் பட்டுக்குடைகள். சௌகார்பேட்டைச் சந்துகள், வால்டாக்ஸ் ரோடு, சூளை, அயனாவரம், வில்லிவாக்கம், திருவள்ளூர் என்று நாள் கணக்கில் நடந்து மலையேறும். இந்த நீண்ட வழியில் ஒரே ஒரு இடத்தைக் கடப்பதுதான் செய்தி. ‘குடைகள் யானைக்கவுனி தாண்டின’ என்று மறுநாள் பேப்பரில் படத்தோடு வரும். சாயங்காலம் நாலு மணி வாக்கில் ‘தாண்டிருச்சா, தாண்டிருச்சா’ என்று மொட்டை மாடிகளிலிருந்து ஜனங்கள் கத்துவதைச் சிறுவயதிலிருந்து கேட்டு வருகிறேன். போலீஸ் பந்தோபஸ்து, போக்குவரத்து மாற்றம், நீர்மோர், சில்லறைக் காசு மழை எல்லாம் உண்டு. கவுனி மட்டும் கிடையாது. யானையும் கிடையாது. கவுனி இருந்த மதிற்சுவரை இடித்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது. இல்லாத ஒரு வாசலை ஒரு நகரம் வருஷந்தோறும் தாண்டிக்கொண்டிருக்கிறது.

இதை நம்பிக்கை என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். பகுத்தறிவுத் தோழர்கள் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. சென்னையைப் பற்றி அச்சில் வந்த வரலாறுகள் செய்யாத ஒரு காரியத்தை இந்தச் சடங்கு செய்கிறது. நகரத்துக்கு உள், வெளி என்று ஒரு கோடு இருந்தது, அந்தக் கோடு இந்த இடத்தில் ஓடியது என்று அது நினைவு வைத்திருக்கிறது. வரலாற்று ஆசிரியர்களும் சுவரைப் பற்றி எழுதாமல் இல்லை. எத்தனை அடி தடிமன், யார் காண்ட்ராக்ட் எடுத்தது, எந்தக் கவர்னர் காலம் என்பதெல்லாம் இருக்கிறது. ஆனால் அவர்கள் நிற்பது எப்போதும் சுவருக்கு உள்ளே. இன்னும் சரியாகச் சொன்னால், கோட்டைக் கொத்தளத்தின் மேல் நின்றுகொண்டு வடக்கே பார்க்கிறார்கள்.

*

முதலில் அந்தச் சுவர். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749இல் உடன்படிக்கைப்படி ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பி வந்தது. அப்போது கோட்டைக்கு வடக்கே, இன்று உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டிடமும் நிற்கும் நிலத்தில்தான் பழைய கறுப்பர் பட்டணம் இருந்தது. கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரிக்கு மறைவாகப் போய்விடும், பீரங்கிக்குக் குறி தவறும். ஆகவே கம்பெனி ஊரையே இடித்து வெட்டவெளி ஆக்கியது. சென்னகேசவர் கோயில் அங்கேதான் இருந்தது. அதுவும் போயிற்று. பிறகு மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் என்ற துபாஷி முன்னின்று இன்றுள்ள இடத்தில் கோயில் எழும்பியது. குடை புறப்படுகிற கோயிலே பீரங்கிக்காக இடம்பெயர்க்கப்பட்ட கோயில். 1773இல் ‘இதற்கு இப்பால் யாரும் வீடு கட்டக்கூடாது’ என்று ஆறு கல்தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதைப் பார்ப்பதில்லை.

சாமிக்கு மாற்று இடம் கிடைத்தது, துபாஷிகளுக்கும் வியாபாரிகளுக்கும் கிடைத்தது. கூலி ஜனம் எங்கே போனது என்று நம் புத்தகங்களில் தேடினால் ஒரு வரிதான் வரும்: ‘மக்கள் வடக்கே குடியேறினர்.’ குடியேறினராம்! இந்த வினைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு தனிக்கட்டுரை எழுதலாம். துரத்தப்பட்டது குடியேற்றமாக மாறும் இலக்கணம் நமக்குப் பழக்கமானதுதான். கூவக்கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்களையும் அரசாங்கக் காகிதங்கள் ‘மறுகுடியமர்த்தப்பட்டோர்’ என்றே சொல்கின்றன. தலைநகரை எரித்தவளின் பெயரைத் தலைநகரிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வைத்த அதிகாரியின் இலக்கிய ரசனையை என்னவென்று சொல்வது.

1767இல் ஹைதர் அலியின் குதிரைப்படை ஊர்ப்புறம் வரைக்கும் வந்து கொள்ளையிட்டுப் போனது. அந்தப் பயத்தில்தான் புதிய கறுப்பர் பட்டணத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுந்தது. கட்டியவர் பால் பென்ஃபீல்டு. ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தே கோடீஸ்வரரான ஆசாமி. 1785இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இந்தக் கடன்காரர் கூட்டத்தைக் கிழிகிழியென்று கிழித்தார். சுவர் கட்டிய செலவை உள்ளே இருக்கும் ஜனங்களிடமிருந்து வரியாக வசூலிக்கலாம் என்று கம்பெனி நினைத்தது. சட்டப்படி முடியாது என்று ஆனதால் வரி வசூலாகவில்லை. சுவரும் போயிற்று, வரியும் வரவில்லை, ‘வால்டாக்ஸ் ரோடு’ மட்டும் மிச்சம். வ.உ.சி. சாலை என்று பெயர் மாற்றியும் ஆயிற்று. ஆட்டோக்காரரிடம் வ.உ.சி. சாலை என்று சொல்லிப் பாருங்கள்.

சுவருக்குப் பல வாசல்கள். யானைக்கவுனி, திருவொற்றியூர் வாசல், எண்ணூர் வாசல், ஆஸ்பத்திரி வாசல், படகுக்காரர் வாசல் என்று வரிசையாக வருகிறது. இந்த வரிசையில், மேற்குச் சுவரில், யானைக்கவுனிக்குத் தெற்கே இன்னொரு வாசல் இருந்தது. கம்பெனிப் படங்களில் அதற்கு ‘சக்லர்ஸ் கேட்’ என்று பெயர். சக்கிலியர் வாசல். தோலும் செருப்பும் தைத்த சாதிக்கு மற்றவர்கள் இட்ட இழிபெயர் அப்படியே ஆங்கில எழுத்தில் ஏறி வரைபடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நான் இங்கேதான் நின்றுவிட்டேன். யானைக்கவுனி என்ற பெயர் பாலத்துக்கு, தெருவுக்கு, காவல் நிலையத்துக்கு, குடைக்கு எல்லாம் தொற்றிக்கொண்டு பிழைத்தது. அதே சுவரில், கூப்பிடு தூரத்தில் இருந்த இன்னொரு வாசலின் பெயர் எங்கே போனது? இழிபெயர் போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. போகட்டும். அந்தப் பெயரோடு சேர்ந்து அந்த ஜனங்கள் அங்கே இருந்தார்கள் என்ற சாட்சியும் போய்விட்டதே என்பதுதான் விஷயம். கோட்டைச் சேனைக்கு செருப்பும் சேணமும் தண்ணீர்ப்பையும் எங்கிருந்து வந்திருக்கும்? ஒரு வாசலுக்கே பெயராகும் அளவுக்கு அந்தத் தொழில் அங்கே நடந்திருக்கிறது. ஹெச்.டி. லவ் 1913இல் மூன்று வால்யூம்களில் கம்பெனிக் காகிதங்களைத் தொகுத்தார். அவரிடம் வாசல் பெயர் கிடைக்கும். 1939இல் நகரத்தின் முந்நூறாவது ஆண்டுக்கென சி.எஸ். சீனிவாசாச்சாரியார் வரலாறு எழுதினார். எஸ். முத்தையா 1981இல் தொடங்கி ‘மெட்ராஸ்’ புத்தகத்தைப் பதிப்புக்குப் பதிப்பு பெருக்கிக்கொண்டே போனார். மூவரின் உழைப்பும் சாதாரணமல்ல. முத்தையா இல்லையென்றால் பல கட்டிடங்கள் இடிந்ததுகூட நமக்குத் தெரியாமல் போயிருக்கும். ஆனால் இந்த வகை எழுத்தில் ஆள் என்றால் கவர்னர், துபாஷி, என்ஜினியர், வக்கீல், வியாபாரி, நன்கொடையாளர். மற்றவர்கள் தொகைதான்.

இளங்கோவடிகள் இந்த விஷயத்தில் மேல். புகாரைச் சொல்லும்போது மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று ஊரை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். அதிலே மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்பவர், உப்பு விற்பவர், கள் விற்பவர், கொல்லர், தோல் வேலைக்காரர் என்று தொழில் தொழிலாக எண்ணி நிறுத்துகிறார். அவருக்கும் அரசன் இருக்கிற பக்கம்தான் உயர்ந்த பக்கம், அதில் சந்தேகம் வேண்டாம். என்றாலும் எண்ணுவதற்காவது கூசவில்லை.

*

சொல்லையும் பார்க்கவேண்டும். ‘கவுனி’ என்றால் கோட்டை வாசல். தெலுங்கில் ‘கவனி’. அங்கிருந்து வந்த சொல்தான். சரி, ‘சென்னை’? 1639இல் பிரான்சிஸ் டேயும் ஆண்ட்ரூ கோகனும் நிலம் வாங்கியது தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம். அவர் தகப்பனார் சென்னப்ப நாயக்கர் பெயரில் சென்னப்பட்டணம் வந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 1996இல் ‘மெட்ராஸ்’ காலனியப் பெயர் என்று நீக்கித் தமிழ்ப் பெயராகச் ‘சென்னை’யைச் சூட்டிக்கொண்டோம். சூட்டிக்கொண்டதில் தப்பில்லை. தமிழ்த் தலைநகரத்தின் பெயரும் அதன் வாசலின் பெயரும் தெலுங்கு வாயிலிருந்து வந்தவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு சூட்டியிருக்கலாம்.

இதைச் சொன்னால் இரண்டு தரப்பும் சண்டைக்கு வரும். ஆகஸ்ட் 22ஐ நகரத்தின் பிறந்த நாளாகக் கொண்டாடும் தரப்பு ஒன்று. 2004இலிருந்து இது நடக்கிறது. புகைப்படக் கண்காட்சி, பாரம்பரிய நடை, பழைய காபிக் கடை நினைவுகள். இன்னொரு தரப்பு, வெள்ளைக்காரன் வந்த நாளா நமக்குப் பிறந்த நாள் என்று கேட்கிறது. நியாயமான கேள்வி. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, திருவொற்றியூர் எல்லாம் கோட்டைக்குப் பல நூற்றாண்டு மூத்தவை. பல்லாவரத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவி கண்டெடுத்ததை வைத்து லட்சக்கணக்கான ஆண்டுக்கே பின்னால் போகலாம். ஆனால் இந்தத் தரப்பு கோட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோயிலை வைப்பதோடு நின்றுவிடுகிறது. திருவொற்றியூர் கல்வெட்டுகளில் கொடை கொடுத்த அரசனையும் அதிகாரியையும் படிக்கிறோம். அந்த நிலத்தை உழுதவனைப் படிப்பதில்லை. அதைவிட வேடிக்கை, இவ்வளவு பழம்பெருமை பேசும் திருவொற்றியூரும் எண்ணூர்க் கத்திவாக்கமும் மணலியும் மாநகராட்சி எல்லைக்குள் வந்ததே 2011இல்தான். அதற்கு நாற்பது வருஷம் முன்பே சுத்திகரிப்பு ஆலையும் அனல்மின் நிலையமும் அங்கே வந்துவிட்டன. மின்சாரத்தை நகரத்துக்கு அனுப்பினார்கள், சாம்பலை வைத்துக்கொண்டார்கள். நகரம் என்ற பெயர் கடைசியில்தான் வந்தது.

*

தலைநகரம் என்ற சொல்லுக்கு வருகிறேன். கஞ்சாமிலிருந்து மலபார் வரைக்கும் பரந்து கிடந்த மாகாணத்துக்குத் தலைநகராக இருந்த ஊர் இது. 1936இல் ஒரியாப் பகுதி போனது, 1953இல் ஆந்திரம் போனது, 1956இல் மலபாரும் தென்கன்னடமும் போயின. உடம்பு சுருங்கிக்கொண்டே வர, தலை மட்டும் அதே அளவில் நின்றது. நமது அரசியல் மேடைப்பேச்சில் சென்னைக்குக் கிடைக்கும் அபாரமான உணர்ச்சி ஏற்றம் இந்தச் சுருக்கத்தின் குழந்தை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1952 அக்டோபர் 19ஆம் தேதி பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் தொடங்கி, டிசம்பர் 15 அன்று இறந்தார். இறந்த இடம் மயிலாப்பூர், புலுசு சாம்பமூர்த்தியின் வீடு. ‘மதராஸ் மனதே’ என்பது அந்தப் பக்கத்துக் கோஷம். ‘தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’ என்பது ம.பொ.சி.யின் கோஷம். மேயர் செங்கல்வராயன் மாநகராட்சியில் தீர்மானம் கொண்டுவந்தார், முதலமைச்சர் ராஜாஜி விட்டுக்கொடுக்க மறுத்தார். இடையில் ஒரு யோசனை வந்தது: கூவத்தை எல்லையாக வைத்து ஊரைப் பங்கு போடலாம், வடக்கு ஆந்திரத்துக்கு, தெற்கு தமிழகத்துக்கு. 1953 மார்ச்சில் நேரு, ஆந்திரத்தின் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்தான் இருக்கும் என்று அறிவித்ததோடு விவகாரம் முடிந்தது. அக்டோபர் 1 அன்று கர்நூலில் ஆந்திர மாநிலம் பிறந்தது. கர்நூல் அப்போது ஒரு ஜில்லாத் தலைநகர், அவ்வளவுதான். போதிய கட்டிடம் கிடையாது. கூடாரம் அடித்து சர்க்கார் ஆபீசுகளை நடத்தினார்கள். மூன்றே வருஷம். 1956இல் ஹைதராபாத் கிடைத்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். 2014இல் தெலங்கானா பிரிந்து ஹைதராபாத்தும் போன பிறகு, அமராவதியா, கர்நூலும் சேர்ந்து மூன்று தலைநகரா என்று அந்த மாநிலம் பட்ட பாடு நாம் அறிந்தது. மெட்ராஸை இழந்த நாளிலிருந்து தலைநகர் தேடிக்கொண்டிருக்கும் மாநிலம் என்று ஒரு தெலுங்கு நண்பர் கசப்போடு சொன்னார்.

கூவத்துக்கு வடக்கே என்றால் யானைக்கவுனியும்தான். அந்த யோசனை நிறைவேறியிருந்தால் எங்கள் வீடு ஆந்திரத்தில். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. நெல்லூர்ப் பக்கத்திலிருந்து மாநகராட்சித் துப்புரவு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. வரைபடத்தில் வாசலுக்குப் பெயராக இருக்கிறதே, அந்தச் சாதி. அருந்ததியர் என்று இன்று சொல்கிறோம். எங்கள் அவ்வாவிடம் 1953ஐப் பற்றிக் கேட்டிருக்கிறேன். கோஷம் கேட்டது, கடைகளை அடைத்தார்கள், அவ்வளவுதான் ஞாபகம். ‘மெட்ராஸ் எவுரிதய்தே ஏமி ரா, வாளி மட்டும் நம்ம கையிலதானே’ என்றாள். பாதி தெலுங்கு, பாதி தமிழ். அதுதான் எங்கள் தெருவின் பாஷை.

இந்த வாக்கியத்தை ஒரு நாட்டார் வழக்காற்று மணியாக எடுத்து மாட்டிவிட எனக்கு உத்தேசமில்லை. அவ்வாவின் அலட்சியத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ‘மனதே’ என்ற தெலுங்குச் சொல்லில் ‘நம்முடையது’ என்பதற்குள் அவள் இல்லை. ஊர் தங்களுடையது என்று உரிமை கொண்டாடிய செல்வர்களின் வீட்டுப் பின்கட்டுக்குள் அவள் எந்த வழியாக நுழைந்தாள் என்பதை வைத்தே அதைச் சொல்லலாம். ‘காப்போம்’ என்ற தமிழ்ச் சொல்லிலும் அவள் இல்லை. அதற்கு அவள் தெலுங்குக்காரி. ம.பொ.சி.யை நான் குறைத்துப் பேசவில்லை. அச்சுக்கோப்பவராக உழைத்து மேலே வந்தவர், வடக்கெல்லைப் போராட்டத்துக்காகச் சிறை போனவர். ‘எனது போராட்டம்’ படிக்கவேண்டிய நூல். ஆனால் எல்லையை மொழியால் மட்டும் அளக்கும்போது, இரண்டு மொழிக்கும் நடுவே மலக்கூடை சுமந்து நடந்தவர்கள் அளவைக்குள் வரமாட்டார்கள். எம்.ஏ. தமிழுக்கு இடம் கேட்டுப் போனபோது, ஒரு பேராசிரியர் என் சான்றிதழைப் புரட்டிவிட்டு, ‘வீட்ல தெலுங்கா? அப்புறம் தமிழ் எதுக்குப்பா?’ என்றார். கேலியாகத்தான் கேட்டார். 1953 முடிந்து நாற்பது, ஐம்பது வருஷம் கழித்தும் எல்லை கமிஷன் அந்த மேஜையில் உட்கார்ந்துகொண்டிருந்தது.

*

நகரத்துக்குள் ஓடும் எல்லை ஒன்றை இயற்கை என்றே நம்பிவிட்டோம். அது கடற்கரை. மெரினா எவ்வளவு அகலம், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கரை எவ்வளவு ஒடுக்கம்! ஏன் என்று கேட்டால், அங்கே அப்படி, இங்கே இப்படி என்போம்.

கடலுக்கு அப்படி ஒரு ஓரவஞ்சனை கிடையாது. இந்தக் கரையோரமாக அலைகள் வருஷம் முழுவதும் மணலைத் தள்ளிக்கொண்டு போகின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காகத்தான் மணல் நகர்கிறது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கல் நாட்ட, துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் நீட்டப்பட்டன. 1881 புயலில் அவை பெரும்பாலும் சிதறின. மறுபடி கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு வாயில் மணலால் தூர்ந்துவிடுகிறது என்று அதை அடைத்து வடகிழக்கில் வாயில் வைத்தார். கல் நட்ட நாளிலிருந்து தெற்கே இருந்து வரும் மணல் சுவரில் மோதி அங்கேயே தங்கியது. கரை வளர்ந்தது. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் உலாவும் பாதை போட்டு இத்தாலியப் பெயர் வைத்த மெரினா அதற்குப் பிறகும் அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே போகவேண்டிய மணல் போகவில்லை. அலை மட்டும் போனது. மணல் இல்லாமல் வந்த அலை கரையை அரித்தது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வரைக்கும் வரிசை வரிசையாக மீனவர் வீடுகளும் தெருக்களும் கோயில்களும் கடலுக்குள் போயின. பாறாங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பியது, அதற்கு வடக்கே இருந்த குப்பம் அரிக்கப்பட்டது. எண்ணூர் சாலையையே கடல் தின்றிருக்கிறது.

ஆக மெரினாவின் மணலில் ஒரு பங்கு வடக்கத்தி மீனவனின் வாசற்படி. இதை உருவகமாகச் சொல்லவில்லை. மண் கணக்காகச் சொல்கிறேன். மெரினாவைப் பற்றி எத்தனை கவிதை, எத்தனை சினிமாப் பாட்டு, எத்தனை தலைவர்களின் சமாதி. 1959இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையையும் அங்கேதான் வைத்தோம். பாறையை நெம்பும் நாலு ஆட்கள். சிலை நல்ல சிலை. பாறை நெம்பியவர்கள் துறைமுகத்துக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள், சிலை அந்தப் பக்கம் நிற்கிறது. ஹென்றி லெஃபேவ்ர் 1968இல் ‘நகரத்தின் மீதான உரிமை’ பற்றி எழுதினார் என்று நம் கூட்டங்களில் மேற்கோள் காட்டுகிறோம். பாரிஸ் வரைக்கும் போகவேண்டாம், நேதாஜி நகரிலோ பட்டினத்தார் கோயில் குப்பத்திலோ நின்று பார்த்தால் போதும். நகரத்தின் வெளி எப்படி ‘உற்பத்தி’யாகிறது என்பது அலையடிக்கிற தூரத்தில் தெரியும்.

தண்ணீரும் இதே கதைதான். 1772இல் கேப்டன் பேக்கர் திட்டத்தில் ஏழுகிணற்றிலிருந்து கோட்டைக்குக் குடிநீர் போனது. கறுப்பர் பட்டணத்து ஊற்று, வெள்ளையர் வாய்க்கு. அந்தக் கிணற்றுப் பக்கத்துத் தெருவில்தான் பின்னாளில் ராமலிங்கர் வளர்ந்தார். கந்தகோட்டத்தில் பாடினார். 1858 வாக்கில் இந்த ஊரே வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். பசியைப் பற்றி அவ்வளவு பேசிய மனிதர் வடசென்னைச் சந்தில் வளர்ந்தவர் என்பதை வடலூர்ப் பக்தி மறைத்துவிட்டது. இது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

*

தொழிலாளர் வரலாறு எழுதுகிற தோழர்களிடமும் எனக்கு ஒரு தகராறு உண்டு. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1923 மே முதல் நாளில் சிங்காரவேலரின் மே தினம் என்று நேராக ஒரு கோடு போடுகிறார்கள். நடுவில் 1921 இருக்கிறது. பின்னி ஆலை வேலைநிறுத்தம் சாதி வாரியாக உடைந்து, ஆதிதிராவிடர்களில் பலர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பு எரிந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. ‘கருங்காலிகள்’ என்ற ஒரே சொல்லில் அதை முடிக்கும் எழுத்தை இன்றும் பார்க்கிறேன். வேலையை விட்டால் ஊருக்குப் போய் நிற்க ஒரு காணி நிலமாவது உள்ளவனும், சேரிக் குடிசையைத் தவிர எதுவுமில்லாதவனும் எத்தனை நாள் வேலைநிறுத்தம் தாங்குவார்கள் என்ற எளிய கேள்வியை வர்க்க ஆய்வு கேட்டிருக்கவேண்டும். ஆலை 1996இல் மூடிவிட்டது. அந்தக் கேள்வி மூடப்படவில்லை.

சினிமா இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கேட்டது. 2014இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ படத்தில் சண்டை ஒரு சுவருக்காக. யார் படம் அதில் இருக்கவேண்டும் என்பதற்காகக் கொலை விழுகிறது. படம் பார்த்தபோது பென்ஃபீல்டு கட்டிய சுவர் ஞாபகம் வந்தது. இரண்டு சுவருக்கும் விலை கொடுத்தவர்கள் ஒரே வகைப்பட்டவர்கள். அதற்குப்பின் வந்த ‘வடசென்னை’ வகைப் படங்களில் பெரும்பாலும் கத்தியும் கானாவும்தான். தெலுங்கு பேசுகிற வடசென்னை, உருது பேசுகிற வடசென்னை, மார்வாடியிடம் கணக்கெழுதுகிற வடசென்னை எதிலும் வருவதில்லை. எல்லாரும் ஒரே ‘மெட்ராஸ் பாஷை’ பேசி, ஒரே மாதிரி சாகிறார்கள்.

*

‘ஒரு தலைநகரத்தின் வரலாறு எப்படி எழுதப்பட வேண்டும்?’ என்று ஆலோசனை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் எழுதும்போது எங்கே நிற்கிறோம் என்பதை மாற்றிப் பார்க்கலாம். சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இன்னும் கம்பெனிக் கோட்டைக்குள்தான் இருக்கின்றன. 2010இல் ஓமந்தூரார் தோட்டத்தில் திறந்த புதிய கட்டிடம் ஆட்சி மாறியதும் ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. ஆகவே கோட்டை நமக்குப் பழங்காலம் ஆகவில்லை. அங்கிருந்து பார்த்தால் எது நகரமாகத் தெரிகிறதோ அதைத்தான் புத்தகங்களும் நகரம் என்கின்றன.

2025 ஆகஸ்ட் முதல் தேதி ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பகுதி பெண்கள். பதின்மூன்று நாள். யானைக்கவுனியிலிருந்து நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். எங்கள் சின்னம்மா இருந்தாள், நானும் சில ராத்திரிகள் போயிருந்தேன். பேச்சில் தெலுங்கு, தமிழ் இரண்டும் கேட்டது. 13ஆம் தேதி நடுராத்திரி போலீஸ் அவர்களை இழுத்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றியது. நீதிமன்ற உத்தரவு, நடைபாதையில் இடைஞ்சல் என்று காரணம். ஒன்பது நாள் கழித்து ஆகஸ்ட் 22. நகரத்தின் பிறந்த நாள். பாரம்பரிய நடை வழக்கம்போல் நடந்தது.

அந்த வருஷமும் புரட்டாசியில் குடைகள் கவுனி தாண்டின. கூட்டம் கலைந்த பிறகு வால்டாக்ஸ் ரோடு முழுக்கப் பூ, கற்பூரக் காகிதம், நீர்மோர் டம்ளர். இருட்டுவதற்குள் போக்குவரத்தைத் திறக்கவேண்டும் என்று இன்ஸ்பெக்டர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். துடைப்பத்தோடு ஏழெட்டுப் பெண்கள் சூளைப் பக்கத்திலிருந்து வந்தார்கள். சட்டையில் புதுக் கம்பெனியின் பெயர் இருந்தது.